மைக்கூடும் மைப்பெட்டியும்



பள்ளிக்கூட மேசையில் மைக்கூடு இருந்த காலம் ஒன்று உண்டு. மை தீர்ந்தது என்பதற்காகப் பேனாவை யாரும் எறிந்ததில்லை. நிரப்பிக்கொண்டு மேலே எழுதினார்கள். இன்று பல வீடுகளில் இன்க்ஜெட் அச்சுப்பொறி இருக்கிறது. அதில் மை தீர்ந்தால் மட்டும் கார்ட்ரிட்ஜ் என்னும் மைப்பெட்டியையே எறிந்துவிட்டுப் புதியது வாங்குகிறோம். சிறிய பெட்டிகள் சிலவற்றில் இருப்பது ஐந்தாறு மில்லிலிட்டர் மைதான். ஒரு தேக்கரண்டி அளவு! மாதச் சம்பளக் குடும்பத்திற்கு இது சிறிய செலவன்று.

அப்பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது? 1977ஆம் ஆண்டில் ஜப்பானில், கேனன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், மை நிறைந்த சிரிஞ்சின் ஊசிமீது ஈயம் பற்றவைக்கும் சூடான கோல் தற்செயலாகப் பட்டது. உடனே ஊசிமுனையிலிருந்து மை பீறிட்டது. அதைக் கண்டு சிந்தித்தவர் இச்சிரோ எண்டோ என்னும் பொறியாளர். வெப்பத்தால் மையைத் தெறிக்கவைக்கும் பொறிகளின் தத்துவம் இதுவே. நுண்துளை ஒவ்வொன்றின் அருகிலும் மிகச் சிறிய சூடேற்றி ஒன்று உண்டு. அது கணத்தில் சூடேற, மையில் ஒரு குமிழி தோன்றித் துளியை வெளியே தள்ளுகிறது. ஒரு லிட்டரை இலட்சம் கோடிப் பங்காக்கினால், அப்பங்குகளில் சிலவே ஒரு துளி.

இவ்வகைப் பெட்டிகள் பலவற்றில், அந்தத் துளைகளும் சூடேற்றிகளும் பெட்டியின் அடியிலேயே அமைந்துள்ளன. ஆகவே, பெட்டியை எறியும்போது மையோடு பேனா முள்ளையும் சேர்த்தே எறிகிறோம். நானும் அப்படி எறிந்தவன்தான். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் பொறியைத் தொடவில்லை. கத்திரி வெயிலில் மை துளைவாயில் உலர்ந்துபோயிற்று. "பெட்டி போய்விட்டது" என்றார் கடைக்காரர், நம்பினேன். வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீரில் துணியை நனைத்து, அடைபட்ட துளைகளின்மேல் சிறிது நேரம் ஒற்றி வைத்திருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். குழாய் நீர் இதற்கு ஆகாது; அதிலுள்ள உப்புகளே துளைகளை அடைத்துவிடும்.

மை நிரப்ப விரும்புவோர் முதலில் நினைவில் கொள்ளவேண்டியது ஒன்று உண்டு. பெட்டி முற்றிலும் வறளும்வரை காத்திருத்தல் கூடாது. சூடேற்றியைக் குளிர்விப்பதும் அந்த மைதான். மையின்றி அச்சிட்டால் அது எரிந்துபோகும். எழுத்து மங்கத் தொடங்கியதும் பெட்டியை எடுத்து, மேலே ஒட்டியுள்ள தாளை உரித்தால் சிறு துளைகள் தெரியும். உள்ளே இருப்பது பஞ்சு. சிரிஞ்சின் ஊசியை அதனுள் செலுத்தி, மிக மெல்ல மையை விடவேண்டும். அவசரப்பட்டால் பஞ்சினுள் காற்று தங்கிவிடும். மை மேலே ததும்பினால் நிறுத்தி, சிறிது திரும்ப உறிஞ்சிக்கொள்ளலாம். வண்ணப் பெட்டியில் எந்தத் துளை எந்த நிறத்திற்கு என்று ஊகிக்கவேண்டாம். பல்குத்தும் குச்சியை விட்டுப் பார்த்தால் குச்சியே சொல்லிவிடும். பேனா மையை மட்டும் ஒருபோதும் ஊற்றாதீர்கள். அந்தப் பெட்டிக்கென்று விற்கும் மையையே வாங்குங்கள்.

நிரப்பிய பின்னும் கணிப்பொறி "மை இல்லை" என்றே சாதிக்கக்கூடும். அது பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. தெறித்த துளிகளை எண்ணிக் கணக்கு வைத்துச் சொல்கிறது. பல பொறிகளில் அவ்வறிவிப்பை ஒதுக்கிவிட்டு அச்சிடலாம், சிலவற்றில் இயலாது.

இந்தோனேசியாவில் மக்கள் தாமே வெளியில் மைத்தொட்டி கட்டி, குழாய் வழியே பொறிக்கு மை ஊட்டிவந்தார்கள். 2010ஆம் ஆண்டில் எப்சன் நிறுவனமே மைத்தொட்டியுடன் கூடிய பொறியை முதன்முதலில் அங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தது. புட்டியிலிருந்து மை ஊற்றும் பொறிகள் இப்போது நம் கடைகளிலும் கிடைக்கின்றன. ஆனால் அவையும் சும்மா கிடந்தால் உலர்ந்து போகும். வாரம் ஒருமுறையேனும் எல்லா நிறங்களும் வருமாறு ஒரு பக்கம் அச்சிடுங்கள். அடிக்கடி "சுத்தம் செய்" என்று கட்டளை இடாதீர்கள். அது விலைகொடுத்து வாங்கிய மையையே கொட்டிக் கழுவுகிறது.

சுவரிலுள்ள சுவிட்சைத் தட்டிப் பொறியை அணைப்பது நம் வீடுகளில் வழக்கம். பொறியிலேயே உள்ள பொத்தானை முதலில் அழுத்துங்கள். அப்போதுதான் அச்சுத்தலை தன் இடத்திற்குச் சென்று, துளைகளின்மேல் மூடி பொருந்தும். அந்த ஓசை அடங்கிய பிறகு சுவர்ச் சுவிட்சை அணைக்கலாம்.