கணினிக் கல்வி: பதினொன்றாம் வகுப்பு வரை காத்திருக்கலாமா?

(தக்கலையில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகப் பேரேட்டில் கணக்கெழுதிய நம்மவர்கள் பலர் அன்று கணினியைத் தேடி ஓடினார்கள். கணினி கடைக்கு வந்தது. கணினி அறிவு வந்ததா? பில் போடும் பையன் ஒருநாள் லீவு எடுத்தால் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். லட்சங்களை முதல் போடத் துணிந்தவர், ஒரு பெட்டிக்கு முன்னால் தயங்கி நிற்கிறார். காரணம், அவர் படித்த காலத்தில் இதைக் கற்றுத்தர ஆளில்லை. அதே நிலை நம் பிள்ளைகளுக்கும் வரலாமா?

எது கணினிக் கல்வி?

"என் மகன் செல்போனில் புகுந்து விளையாடுகிறான், அவனுக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லும் பெற்றோர் உண்டு. சகோதரர்களே, அது பயன்படுத்தும் பழக்கம். கணினி அறிவியல் வேறு.

உங்கள் கடையில் ஆயிரம் பில்கள் எண் வரிசையில் அடுக்கியிருக்கின்றன. 730-ஆம் எண் பில் வேண்டும். ஒவ்வொன்றாகவா புரட்டுவீர்கள்? நடுவில் பிரிப்பீர்கள். 500 வந்தால் முன்பாதியைத் தள்ளிவிட்டுப் பின்பாதியின் நடுவைப் பிரிப்பீர்கள். இப்படிப் பாதி பாதியாகத் தள்ளிக்கொண்டே போனால், அதிகம் போனால் பத்தே தடவையில் பில் கைக்கு வந்துவிடும். பத்து லட்சம் பில்களாக இருந்தால்? இருபது தடவை போதும்! ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, குறைந்த உழைப்பில் முடிக்கும் வழியைக் காண்பதுதான் கணினி அறிவியலின் உயிர்.

இந்தப் படிமுறைக்கு உலகம் வைத்த பெயர் அல்காரிதம். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்து, இந்திய எண்களைப் பற்றி நூல் எழுதிய அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. பெருமைதான். ஆனால் பாட்டனின் பெருமை பேரனுக்குச் சோறு போடாது!

எல்.கே.ஜி.யிலேயே தொடங்கலாம்

சின்னஞ்சிறு பிள்ளைக்குக் கணினியா என்று பதற வேண்டாம். அந்த வயதில் இயந்திரமே தேவையில்லை. "நான்கடி முன்னே போ, வலப்பக்கம் திரும்பு, இரண்டடி போ" என்று ஒரு பிள்ளை சொல்ல, இன்னொரு பிள்ளை அதன்படி நடக்கட்டும். தவறான இடத்தில் போய் நின்றால், எந்தக் கட்டளையில் பிழை என்று இருவரும் தேடட்டும். நிரல் எழுதுவதின் முதல் பாடம் அதுதான். மின்சாரமும் கணினியும் இல்லாமல் இப்படிச் சொல்லித்தரும் முறையை நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகப் பேராசிரியர் டிம் பெல்லும் அவருடைய தோழர்களும் 1990-களிலேயே வகுத்தார்கள். இங்கிலாந்தில் 2014 செப்டம்பர் முதல், ஐந்து வயதிலிருந்தே இது பாடத்திட்டத்தில் சேர்ந்துவிட்டது.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம்

இங்கிலாந்து தூரம் என்பீர்கள். களியக்காவிளை தூரமா? 1956 நவம்பர் முதல் தேதி வரை நாமும் அவர்களும் ஒரே மாநிலம். அங்கே 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியது. பணம் கொடுத்து வாங்கும் மென்பொருளை விட்டு, கட்டணமில்லாத கட்டற்ற மென்பொருளுக்கு மாறினார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு 'களிப்பெட்டி' என்றே ஒரு பாடநூல். 2018-இல் 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்கள், 2024-இல் ஏழாம் வகுப்பில் செயற்கை நுண்ணறிவு, 2025-இல் பத்தாம் வகுப்பில் ரோபோட்டிக்ஸ் என்று படிப்படியாக ஏறினார்கள்.

இந்தப் பக்கம் என்ன நடந்தது? 2011 செப்டம்பர் 15-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கி, லட்சக்கணக்கான மாணவர்கள் பயன் பெற்றார்கள். நன்றியோடு சொல்வோம். ஆனால் மடிக்கணினி வந்தது பள்ளிப் படிப்பு முடியும் வேளையில். 2019-இல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'ஸ்கிராட்ச்' மென்பொருளுக்குக் கிடைத்தது கடைசிப் பாடம். பன்னிரண்டாம் வகுப்பு நூலில் பைத்தான் மொழி உண்டு. ஆனால் அந்தப் பாடப்பிரிவை எடுத்தவர்களுக்கு மட்டும். மற்ற பிள்ளைகள்? அரசுப் பள்ளிகளில் இன்று உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்திருக்கின்றன. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் அந்தக் கதவு வாரத்தில் எத்தனை நாள் திறக்கிறது என்று நீங்கள் கேட்டதுண்டா?

பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள்

வீட்டில் ஒரே ஒரு செல்போன் இருந்தால் அது யார் கையில் இருக்கும்? ஆண் பிள்ளை கையில்தான்! பள்ளியில் கிடைக்காவிட்டால் பெண்ணுக்கு எங்குமே கிடைக்காது. நம் தேங்காப்பட்டணம் தந்த எழுத்தாளர் தோப்பில் முஹம்மது மீரான், 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' நாவலில், ஊருக்கு வரும் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை எதிர்க்கும் முதலாளியைக் காட்டினார். அன்று எதிர்ப்பால் இழந்தோம். இன்று அலட்சியத்தால் இழக்கப் போகிறோமா?

செய்ய வேண்டியவை

ஒன்று: அரசுப் பள்ளியானாலும் தனியார் பள்ளியானாலும் பெற்றோர் கூட்டத்துக்குப் போய், "எந்த வகுப்பிலிருந்து கணினி கற்றுத்தருகிறீர்கள்? யார் கற்றுத்தருகிறார்?" என்று கேளுங்கள்.

இரண்டு: வணிகர்களே, புதுக் கணினி வாங்கும்போது பழையதைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். கட்டற்ற மென்பொருளை ஏற்றினால் பழைய கணினி பலவும் பாடம் படிக்க உதவும். ஊர் நூலகத்தில் ஓர் அறை, நான்கு கணினிகள். தொடங்க இது போதும்.

மூன்று: பி.சி.ஏ.வும் பொறியியலும் படித்த இளைஞர்களே, ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் தாருங்கள். ஜாதி, மதம் பாராமல் தெருப் பிள்ளைகள் அனைவரையும் உட்கார வையுங்கள். பெண் பிள்ளைகளுக்கு முதல் வரிசை கொடுங்கள்.

அடுத்த முறை நாம் கூடும்போது, எந்தெந்தப் பள்ளியில் போய்க் கேட்டோம் என்ற கணக்கோடு வாருங்கள். கணக்குப் பார்ப்பது வணிகர்களுக்குப் புதிதல்லவே!