தீர்ப்பை எழுதி வைத்துவிட்டு விசாரிப்பதா?

(எம்.ரெட்டியபட்டியில் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கரிசல் காட்டுக்கு ஊர்ப் பஞ்சாயத்து புதிதல்ல. தீர்ப்பை முதலில் பேசி முடித்துவிட்டு, அப்புறம்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்டால் அதுவே இரண்டாவது குற்றம். அதற்கு ஊர்க்கட்டுப்பாடு என்று பெயர். அந்த மரத்தடியைத் தாண்டத்தான் நம் பிள்ளைகள் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறார்கள். அங்கேயும் அதே மரத்தடி, மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால்? அங்கே அதற்குப் பெயர் ஒழுங்கு நடவடிக்கை.

2015 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்ததைப் பாருங்கள். அம்பேத்கர் – பெரியார் வாசகர் வட்டத்தின் மீது பெயர் போடாத மொட்டைக் கடுதாசி ஒன்று டெல்லிக்குப் போனது. மனிதவள அமைச்சகம் அதை நிர்வாகத்துக்கு அனுப்பியது. வட்டத்தின் அங்கீகாரம் ரத்தானது. தங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பே தரவில்லை என்றார்கள் மாணவர்கள். நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பிய பிறகு ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பி வந்தது.

அதே ஆண்டு ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்த 5 தலித் ஆய்வு மாணவர்கள் விடுதியிலிருந்து நீக்கப்பட்டார்கள். நிர்வாகக் கட்டடத்துக்கும் பொது இடங்களுக்கும் கூட்டமாகப் போகக் கூடாது, மாணவர் தேர்தலில் நிற்கக் கூடாது என்று உத்தரவு. வளாகத்திலேயே கூடாரம் போட்டுப் படுத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'வெலிவாடா'. ஊருக்கு வெளியே தள்ளிவைக்கப்பட்ட சேரி என்று பொருள். 2016 ஜனவரி 17 அன்று ரோகித் வெமுலாவை இழந்தோம். மற்ற நால்வரின் தண்டனையை ஜனவரி 21 அன்று ரத்து செய்தார்கள். நான்கே நாளில் ரத்து செய்ய முடிந்ததை, ஓர் உயிர் போகும் முன்பு ஏன் செய்ய முடியவில்லை?

விடுதி நீக்கம் சின்னத் தண்டனைதானே என்பார்கள். நகரத்தில் சொந்த வீடு இருப்பவருக்குச் சின்னதுதான். திருச்சுழிப் பக்கத்திலிருந்து போன பிள்ளைக்கு விடுதி போனால் படிப்பே போச்சு. "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றால், அந்த வீட்டில் ஒரு நாள் கூலி போகிறது. அதோடு போவதில்லை. முதலாளி முன்னால் கைகட்டி நின்ற மனிதர், மகளுக்காக இன்னொரு மேசை முன்னால் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் கல்லூரியில் ஒழுங்கே வேண்டாமா? வேண்டும். ராகிங் செய்பவனை, பெண்களைச் சீண்டுபவனை, சாதி சொல்லித் திட்டுபவனைத் தண்டிக்கத்தான் வேண்டும். சாட்சி சொல்லும் பெண்களின் பாதுகாப்புக்காக, அவர்கள் பெயரை மறைத்து விசாரிக்கலாம் என்று ராஞ்சி மருத்துவக் கல்லூரி வழக்கில் 1973-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அங்கேயும் குற்றச்சாட்டு என்னவென்று சொல்லி, பதில் கேட்டுத்தான் தண்டித்தார்கள். முறையாக விசாரித்துக் கொடுத்த தண்டனைதான் கோர்ட்டில் நிற்கும். புகார் கொடுத்தவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்பது யாரும் நமக்குப் போடும் பிச்சை அல்ல. உத்தரப் பிரதேசத்தில் காப்பி அடித்தார்கள் என்று சொல்லி 3 மாணவர்களின் தேர்வு முடிவை ரத்து செய்த வழக்கில், 1962-இல் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவிலும் இதே தீர்ப்பு. வெள்ளையர் உணவகத்தில் உட்கார்ந்து போராடிய அலபாமா கல்லூரியின் கறுப்பின மாணவர்களை விசாரிக்காமல் நீக்கியது செல்லாது என்றது நீதிமன்றம்.

ஆகவே தோழர்களே, நாளை உங்களையோ உங்கள் நண்பரையோ அழைத்தால் என்ன செய்வது? குற்றச்சாட்டை எழுத்தில் கேளுங்கள். ஆதாரத்தின் நகலும், பதில் எழுத அவகாசமும் கேளுங்கள். புகார் கொடுத்தவரே விசாரணைக் குழுவில் இருந்தால் எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். "மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு, விட்டுவிடுகிறோம்" என்றால் பேனாவை எடுக்காதீர்கள். நாளைக்கு அதுவே ஒப்புதல் வாக்குமூலம் ஆகும். நோட்டீஸ் தந்தால் "பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் எழுதித் தேதியோடு கையெழுத்துப் போடுங்கள். உத்தரவில் காரணம் எழுதச் சொல்லுங்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிகளின்படி மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். அதில் ஒரு பெண்ணும், பட்டியல் சாதி, பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரும் இருக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் அந்தக் குழு யார் யார்? நாளைக்கே கேளுங்கள். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் எல்லாப் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நம் மாவட்டத்துக்கு அந்த ஆணைக்குழு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. அழைக்கப்பட்டவரைத் தனியாக அனுப்பாதீர்கள். ஊர்க்கட்டுப்பாட்டின் பலமே ஒருவரைத் தனியாக நிறுத்துவதில்தான் இருக்கிறது. அறைக்குள் விடாவிட்டால் வாசலில் நில்லுங்கள். அடுத்த வகுப்புக்காரர், அடுத்த தெருக்காரர், அடுத்த சாதிக்காரர் என்று பார்க்காமல் நில்லுங்கள். சாதி ஒழிப்பைப் புத்தகத்தில் படித்தோம். அதைச் செய்து காட்டும் இடம் அந்த வாசல்.

ஜெய்பீம்!