நர்சுகள் பஞ்சமும் கடன் மன்னிப்பும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நர்சுகள் போதாமலிருப்பதும், அதற்குப் பரிகாரமாக நர்சுப் படிப்புக்கு வாங்கிய கடனைத் தள்ளிக்கொடுப்பதும் பற்றியதாகும். அமெரிக்காக் கதை நமக்கெதற்கு என்று சிலர் நினைக்கலாம். பெண்ணை நர்சுப் படிப்புக்கு அனுப்பிவிட்டு பாங்கிக்குத் தவணை கட்டும் வீடுகள் நம்மிடமும் உண்டாதலால், தெரிந்துகொள்வதில் நஷ்டமில்லை.

முதலில் பெயரைக் கவனியுங்கள். நாம் ‘தள்ளுபடி’ என்பதை அந்நாட்டார் ‘மன்னிப்பு’ என்கிறார்கள். மன்னிப்பு என்பது குற்றவாளிக்குக் கொடுப்பதல்லவா? புண்ணைக் கழுவவும், நாடி பார்க்கவும், நேரத்துக்கு மருந்து கொடுக்கவும் படித்துக்கொண்டது என்ன குற்றம்? புரோகிதனும் பாதிரியும் பாவத்தை மன்னிக்க வழி சொல்வதுபோல், சர்க்கார் படிப்பை மன்னிக்கிறது! பாவம் என்று ஒன்றைக் கற்பித்தால்தானே மன்னிப்புக்கு மதிப்பு வரும்?

அந்த மன்னிப்பின் யோக்கியதையைப் பார்ப்போம். ‘நர்ஸ் கோர்’ என்னும் சர்க்கார் திட்டத்தில், நர்சுகள் போதாத ஆஸ்பத்திரியில் 2 வருஷம் வேலை செய்தால் கடனில் 100க்கு 60 பங்கும், மூன்றாவது வருஷமும் இருந்தால் இன்னும் 25 பங்கும் கட்டுவார்கள். ஆனால் கேட்டவர்க்கெல்லாம் கிடைக்காது. ஒதுக்கிய பணம் உள்ளவரைதான். 2007ல் வந்த மற்றொரு சட்டப்படி, பொதுநல வேலையிலிருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டியவர்களுக்கு மிச்சக் கடன் போய்விடும். அதை நம்பிப் 10 வருஷம் கட்டியவர்கள் 2017 முதல் மனுப்போட்டார்கள். ஆரம்பத்தில் 100க்கு 99 மனுக்கள் தள்ளப்பட்டன. கடன் தள்ளுபடியாகவில்லை; மனுதான் தள்ளுபடியாயிற்று! 2021க்குப் பின் விதிகளைத் தளர்த்தியதும் லட்சக்கணக்கானவர்களுக்குக் கிடைத்தது. ஆகவே விதியை எழுதியவனும் மனிதன், மாற்றியவனும் மனிதன். தலைவிதிக்கு இதில் என்ன வேலை?

அதே நாட்டில் 1943ல் யுத்தம் நடந்தபோது என்ன செய்தார்கள்? போல்டன் சட்டம் என்று ஒன்று செய்து, பெண்களின் படிப்புச் சம்பளம், புத்தகம், உடுப்பு யாவும் சர்க்கார் செலவாக்கி, மாதந்தோறும் கைச்செலவுக்கும் பணம் கொடுத்தார்கள். யுத்தம் முடியும்வரை நர்சு வேலை பார்ப்பதாக வாக்குக் கொடுத்தால் போதும். நிற பேதம் காட்டக்கூடாதென்றும் சட்டத்திலேயே எழுதினார்கள். லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் படித்துத் தேறினார்கள். அங்கே கடனுமில்லை, மன்னிப்புமில்லை. 1964ல் வந்த சட்டமோ, முதலில் கடனைக் கொடுத்து, பிறகு வேலை பார்த்தால் பாதிவரை தள்ளுவதாயிற்று. சோல்ஜர் பிழைக்கவேண்டும் என்றபோது முடிந்த காரியம், கூலிக்காரன் பிழைக்கவேண்டும் என்றபோது ஏன் முடியவில்லை?

கடன் ஒன்றுதான் பஞ்சத்துக்குக் காரணம் என்று நாம் சொல்லவில்லை. 2021ல் மட்டும் தகுதியுள்ள 90,000க்கு மேற்பட்ட விண்ணப்பங்களை அங்குள்ள நர்சுக் கல்லூரிகள் திருப்பிவிட்டன. சொல்லிக்கொடுக்க ஆளுமில்லை, பயிற்சிக்கு இடமுமில்லை. வேலைக்கு வந்தவளும், அளவில்லாமல் நோயாளிகளைத் தலையில் கட்டினால் எத்தனை நாள் நிற்பாள்? கலிபோர்னியாவில் 1999ல் சட்டம் செய்து, ஒரு நர்சுக்கு இத்தனை நோயாளிகளுக்கு மேல் கூடாதென்று 2004 முதல் அமுலாக்கினார்கள். சாதாரண வார்டில் 5 பேர்தான். இதைச் செய்யாமல் கடனை மட்டும் தள்ளுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றுவதாகும்.

நர்சைத் ‘தேவதை’ என்று புகழ்கிறார்கள். 2020ல் கொரோனா வந்தபோது நம் நாட்டிலும் கைதட்டினோம், தட்டையும் தட்டினோம். தேவதைக்குப் பசியில்லை, தூக்கமில்லை, வாடகை இல்லை. ஆகவே சம்பளமும் வேண்டாம் என்பதுதானே இதன் பொருள்? பெண்ணைத் தெய்வமாக்குகிற இடத்திலெல்லாம் அவள் கூலியில் கைவைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தோழர்களே! இன்று கடனில் மூழ்கியிருப்பவளுக்குத் தள்ளுபடி அவசியம் வேண்டியதுதான். ஆனால் அது தருமமாகவோ கருணையாகவோ அல்லாமல் உரிமையாக இருக்கவேண்டும். நாளைக்குப் படிக்கப் போகிறவளுக்கோ கடனே கூடாது. நோயாளிக்கு நர்சு வேண்டுமென்றால், அவளைப் படிக்கவைக்கும் செலவு நோய் வரக்கூடிய எல்லோருடையதுமாகும். நோய் வராதவன் நம்மில் யார்? நாம் சொன்னதற்காக ஒப்புக்கொள்ளாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் நாலுபேருக்குச் சொல்லுங்கள்.