கடலில் ஒரு கோடு: பீகிள் வழக்கும் சமயத்தின் பங்கும்



நிலத்தில் எல்லை வகுப்பது எளிது. கல் நடலாம், வரப்பு உயர்த்தலாம். கடலில் கல் நிற்பதில்லை. அங்கே எல்லை என்பது இரு நாடுகள் ஒன்றுக்கொன்று கொடுக்கும் சொல்லாகவே நிலைக்கிறது. அச்சொல்லைக் காக்க வல்லது எது? சட்டமா, படையா, சமயமா? தென்னமெரிக்காவின் தென்கோடியில் நிகழ்ந்த ஒரு வழக்கு இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது.

சமயத் தலைமை கடலில் கோடு கிழிக்கத் துணிந்த வரலாறு பழையது. 1493-இல் போப்பாண்டவர் ஆறாம் அலெக்சாண்டர் அட்லாண்டிக் கடலின் நடுவே வடக்குத் தெற்காக ஒரு கோடு வகுத்து, அதற்கு அப்பாலுள்ள புது நிலங்களை ஸ்பெயினுக்கு உரிமையாக்கினார். போர்ச்சுகல் அதனை அவ்வாறே ஏற்கவில்லை. மறு ஆண்டே டோர்டெசில்லாஸ் உடன்படிக்கை வாயிலாக இரு நாடுகளும் கோட்டை மேற்கே நகர்த்திக்கொண்டன. கீழைக் கடல்களில் வாணிகம் செய்யும் உரிமை குறித்துப் பூசல் எழுந்தபோது, டச்சு அறிஞர் ஹ்யூகோ குரோஷியஸ் 1609-இல் வெளியிட்ட நூலில், போப்பாண்டவரின் கொடையால் கடல் எவர்க்கும் உடைமையாகாது என்று வாதிட்டார். பன்னாட்டுக் கடற்சட்டத்தின் முன்னோடி நூல்களுள் அதுவும் ஒன்று.

இவ்வாறு சட்டம் மறுத்துரைத்த அதே பீடத்தை, மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேல் கழிந்தபின், இரு நாடுகள் தாமே நாடிச் சென்றன. அவை அர்ஜெண்டினாவும் சிலியும்.

பீகிள் நீரிணையின் கீழ்வாயில் பிக்டன், நுயேவா, லெனாக்ஸ் என்னும் மூன்று சிறு தீவுகள் உள்ளன. 1881-ஆம் ஆண்டின் எல்லை உடன்படிக்கை அவற்றை யாருக்கு அளித்தது என்பதே வழக்கு. குளிரும் காற்றும் சூழ்ந்த அத்தீவுகளின் மண்ணைவிட, அவற்றைச் சுற்றிய நீரே பெருமதிப்புடையது. கரையிலிருந்து 200 கடல் மைல் வரை உரிமை கோரும் வழக்கம் பரவிய காலத்தில், சிறு தீவும் பெருங்கடலின் திறவுகோல் ஆயிற்று. சிலியின் உரிமை அட்லாண்டிக் பக்கம் நீண்டுவிடுமோ என்று அர்ஜெண்டினா அஞ்சியது.

பிரிட்டிஷ் முடியரசின் சார்பில் அமைந்த நடுவர் மன்றத்தில் ஐந்து நீதிபதிகள் வழக்கைக் கேட்டனர். 1977-இல் வெளியான தீர்ப்பு மூன்று தீவுகளையும் சிலிக்கு வழங்கியது. 1978 ஜனவரியில் அர்ஜெண்டினா அத்தீர்ப்புச் செல்லாது என அறிவித்தது. இரு நாடுகளிலும் அப்போது இராணுவ ஆட்சி. அவ்வாண்டு டிசம்பரில் அர்ஜெண்டினப் போர்க்கப்பல்கள் தென்கடல் நோக்கிச் சென்றன. எல்லையில் படைகள் எதிரெதிரே நின்றன. 1904-இல் அமைதியின் சின்னமாக ஆண்டிஸ் மலையில் இவ்விரு நாடுகளும் நிறுத்திய இயேசுநாதர் சிலை அங்கேயே இருந்தது. ஒரே மொழி, ஒரே சமயம். ஆயினும் இளைஞர்கள் ஒருவரையொருவர் கொல்ல ஆயத்தமாயினர். ஒரு கடவுளைத் தொழுவது மட்டுமே போரைத் தடுத்துவிடாது என்பதை இங்கே மறைக்கலாகாது.

அந்நிலையில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், கர்தினால் அந்தோனியோ சமொரே என்பவரைத் தூதராக அனுப்பினார். இரு தலைநகரங்களுக்கும் மாறிமாறிச் சென்ற அம்முதியவரின் முயற்சியால், 1979 ஜனவரி 8 அன்று மாண்டெவீடியோ நகரில் இரு அரசுகளும் கையொப்பமிட்டன. படைவலிமையை நாடுவதில்லை என்றும், போப்பாண்டவரைச் சமரசம் செய்ய வேண்டுவது என்றும் ஒப்பினர்.

சமரசம் ஓரிரவில் கனிந்ததன்று. 1980 டிசம்பரில் போப்பாண்டவர் தந்த திட்டத்தைச் சிலி ஏற்றது, அர்ஜெண்டினா இழுத்தடித்தது. 1982-இல் மால்வினாஸ் எனும் ஃபாக்லாந்து தீவுகளுக்காக நடந்த போரில் தோற்றபின் அங்கே இராணுவ ஆட்சி சரிந்தது. சமொரே 1983-இல் மறைந்தார். முடிவைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. மக்களாட்சி மீண்டபின், 1984 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் அர்ஜெண்டின மக்களில் வாக்களித்தோருள் ஐவருள் நால்வருக்கு மேல் இணக்கத்தை ஆதரித்தனர். அம்மாதம் 29-ஆம் நாள் வத்திக்கானில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தீவுகள் சிலியிடம் நின்றன. கிழக்கே விரிந்த கடற்பரப்பின் பெரும்பகுதி அர்ஜெண்டினாவைச் சார்ந்தது. எதிர்காலப் பூசல்களுக்கு இணக்கக் குழுவும் நடுவர் தீர்ப்பும் வழிமுறைகளாக வகுக்கப்பட்டன.

இதிலிருந்து பெறத்தக்கது யாது? நீதிபதிகளின் தீர்ப்புத் தீவுகளைப் பொறுத்தவரை மாறவேயில்லை. மாறியது, தோற்றவர் அதனை ஏற்கும் வழி. நம் ஊர்களில் வரப்புத் தகராறு தீர்க்கும் பெரியவர், நியாயம் யார் பக்கம் என்று மட்டும் பார்ப்பதில்லை. தோற்றவன் தலைநிமிர்ந்து வீடு திரும்ப வழியும் தேடுவார். வத்திக்கான் செய்ததும் அதுவே. 1493-இல் ஆணையிட்ட பீடத்தின் கோடு அழிந்தது. 1979-இல் வேண்டியபின் வந்து, ஆறாண்டுக் காலம் பொறுமையுடன் இருபுறமும் செவிசாய்த்த பீடத்தின் கோடு இன்றும் நிற்கிறது.

ஆயினும் சமயம் தந்தது காலம் மட்டுமே. அக்காலத்தைப் பயன்படுத்தி வடிவம் தந்தது சட்டம். இசைவு தந்தவர்கள் மக்கள். மூன்றில் ஒன்று குறைந்திருப்பினும், அக்குளிர்ந்த நீரிணை பல தாயர்தம் மைந்தர்க்குக் கல்லறையாகி இருக்கும். உலக அரங்கில் சமயத்தின் பெயரால் வாள் எடுப்போரும் வழி மறிப்போரும் மலிந்துள்ள நாளில், வாளைத் தாழ்த்தச் செய்த சமயத்தின் இவ்வொரு நிகழ்ச்சி நினைவில் இருத்தற்குரியது.