பால் விலையில் பாதிக் கதை



மத்திய நுகர்வோர் விவகாரத் துறை நாடு முழுக்க ஊர் ஊராகப் பால் விலையைத் தினமும் குறித்து வைக்கிறது. நல்ல வேலைதான். ஆனா, விலையை மட்டும் குறிச்சா போதுமா?

2023 நவம்பரில் ஆவின், பச்சை பாக்கெட்டுக்குப் பதிலாக ஊதா நிற 'டிலைட்' பாக்கெட்டைக் கொடுக்கத் தொடங்கியது. பச்சையில் கொழுப்பு 4.5 சதவீதம், ஊதாவில் 3.5. கொழுப்பல்லாத திடப்பொருள் இரண்டிலும் 8.5. விலையும் லிட்டருக்கு அதே 44 ரூபாய். ஒளிவுமறைவு இல்லை, பாக்கெட்டிலேயே அச்சிட்டிருந்தார்கள். ஆனால் வெறும் விலைப் பட்டியலைப் பார்ப்பவருக்கு அன்று எதுவுமே நடக்கவில்லை! கணக்குப் போட்டால் லிட்டருக்குச் சுமார் 10 கிராம் கொழுப்பு குறைவு. வளரும் பிள்ளைக்கு அது சின்ன விஷயமா?

பால்மானியைப் போட்டுப் பார்த்தாலும் பிடிபடாது. கொழுப்பு லேசான பொருள். அதை எடுத்தால் பால்மானி கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும்.

ஆகவே விலைக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பத்தி வேண்டும்: கொழுப்பு, திடப்பொருள். அப்போதுதான் பத்து வருஷம் கழித்தும் அந்தக் கணக்கு பேசும்.

தம்பிகளே, ஆய்வகத்தில் அலகு எழுதாவிட்டால் நம் ஆசிரியர்கள் மார்க்கை வெட்டுவார்களே, ஏன் என்று இப்போது புரிகிறதா? எவ்வளவு என்று எழுதும்போது, எதை அளந்தோம் என்றும் எழுதுங்கள்.