பேரன் முகம் தெரியுது, போன வாரம் தெரியுதா?

சென்னையிலயோ பெங்களூருலயோ வேலை, தாத்தா பாட்டி ஊர்ல. அப்படி இருக்கிற எல்லாருக்குமான எபிசோட் இது.

எனக்குச் சொந்த ஊர் விழுப்புரம் மாவட்டம் அனந்தபுரம். பொங்கலுக்குப் போனா எந்த வீட்லயும் பெரியவங்ககிட்ட முதல்ல கேட்கிறது, "நான் யாருன்னு தெரியுதா?" பேரைச் சரியா சொல்லிட்டா, "ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு"ன்னு முடிச்சிடுவோம். ஆனா உங்க முகம் இருபது, முப்பது வருஷப் பழக்கம். அது கடைசி வரைக்கும்கூட நிக்கலாம். முதல்ல தடுமாறுறது புதுசா வர்ற விஷயம்.

டாக்டர்கள் இதை எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? ஒரு முறை இது. 10 வார்த்தைகளைச் சொல்லித் தருவாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "என்னென்ன சொன்னேன்?"னு கேட்பாங்க. இது நினைவுகூர்தல். அப்புறம் அந்த 10 வார்த்தையோட புதுசா 10 கலந்து, ஒவ்வொண்ணா, "இது இருந்துச்சா?"னு கேட்பாங்க. இதுதான் அடையாளம் காணல்.

வயசானா முதல் கேள்வியில யாருக்கும் மார்க் குறையும். பீரோவுல வெச்ச பொருளைத் தேட நேரமாகுது, அவ்வளவுதான். "இதுவா?"ன்னு காட்டினா, "ஆமா, இதேதான்"னு சொல்லிடுவாங்க. அல்சைமர் வகை பாதிப்பு தொடங்கியிருந்தா கதை வேற. மூளையில புது நினைவைப் பதிய வைக்கிற ஹிப்போகேம்பஸ் பகுதியே அடி வாங்குது. பொருளை உள்ளே வைக்கவே இல்லைன்னா, எடுத்துக் கொடுத்தாலும் ஞாபகம் வராது. சொல்லாத வார்த்தைக்கும் "ஆமா, இருந்துச்சு"ம்பாங்க.

அன்றாட வேலைகளைத் தானே பார்த்துக்கிட்டு, ஞாபகமோ யோசிக்கிற திறனோ வயசுக்கு மீறிக் குறையற நிலைக்குப் பேரு மைல்ட் காக்னிடிவ் இம்பேர்மென்ட். இது டிமென்ஷியா இல்லை. எல்லாருக்கும் அதுவா மாறவும் மாறாது. சிலர் பழைய நிலைக்கே திரும்புறாங்க.

அப்போ எதுக்குக் கவலைப்படணும்? அந்தத் தப்பான "ஆமா", தப்பான "இல்லை" ரெண்டுக்காகவும். காலையில போட்ட சுகர் மாத்திரையைப் போடலைன்னு நினைச்சு இன்னொண்ணு போட்டா, சுகர் இறங்கி மயக்கம் வரலாம். "போன மாசம் பேசினோமே ஐயா, பேங்க்ல இருந்து"ன்னு ஒருத்தன் போன் பண்ணா, பழகின ஆள்னு நம்பி ஓ.டி.பி. சொல்லிடலாம்.

படிப்பு கம்மியா இருக்கிறதாலயும் டெஸ்ட்ல மார்க் குறையும். 1998இல் கொச்சியில தொடங்கின 10/66 டிமென்ஷியா ஆய்வுக் குழு இதை முக்கியமா எடுத்துக்கிட்டாங்க. பள்ளிக்கூடம் போகாதவங்களுக்கும் பொருந்துற பரிசோதனையை உருவாக்கி, நம்ம சென்னையிலயும் வேலூர்லயும்கூட ஆய்வு செஞ்சாங்க. அவங்க பார்த்த இன்னொரு முக்கியமான விஷயம், கூட இருக்கிறவங்க சொல்ற தகவல். அதாவது, முன்னே எப்படி இருந்தாங்க, இப்போ எப்படி மாறியிருக்காங்கன்னு வீட்ல இருக்கிறவங்க சொல்றது.

அதனால "நான் யாரு?"ன்னு பரீட்சை வைக்காதீங்க, அவங்க மனசு கஷ்டப்படும். போன வாரம் வந்த கல்யாணப் பத்திரிகையைப் பத்திப் பேச்சோட பேச்சா கேளுங்க. எடுத்துக் கொடுத்தும் ஞாபகம் வரலையா, மறுபடி மறுபடி அப்படியே நடக்குதா, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ கூட்டிட்டுப் போங்க. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, காது கேளாமை, சில மாத்திரைகள்னு சரிசெய்யக்கூடிய காரணங்களும் இருக்கு.

அது வரைக்கும், கிழமை போட்ட மாத்திரை டப்பா ஒண்ணு வாங்கிக் கொடுங்க. திங்கள் அறை காலியா இருந்தா போட்டாச்சு. ஞாபகத்தை நம்ப வேண்டிய அவசியமே இல்லை.