வேலி தாண்டிய மருத்துவர்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டவர் டாக்டர் ஜி.எம். நாயக்கர். 1910இல் டர்பனில் பிறந்தவர். தென்னாப்பிரிக்க மக்களுக்கு அவர் மான்ட்டி நாயக்கர். ஹைதராபாத்தில் தமிழர்களிடையே நின்று அவரைப் பற்றிப் பேச ஒரு காரணம் உண்டு. நம் நாம்பள்ளி 'கோல்டன் த்ரெஷோல்டு' வீட்டுச் சரோஜினி நாயுடு 1924இல் தென்னாப்பிரிக்கா சென்றார். இந்தியர்களைத் தனி வட்டாரங்களில் ஒதுக்கிவைக்க வந்த மசோதாவை எதிர்த்து அங்கே முழங்கினார். அதே ஆண்டு பிரதமர் ஸ்மட்ஸ் நாடாளுமன்றத்தைக் கலைத்தார், மசோதாவும் காலாவதியானது. ஆனால் அந்த நோக்கம் ஒழியவில்லை. 22 ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஸ்மட்ஸ் ஆட்சி அதைச் சட்டமாக்கியது. அன்று எதிர்த்து நின்றவர், சரோஜினி வந்தபோது 13 வயதுச் சிறுவனாக இருந்த மான்ட்டி.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. தமிழரும் தெலுங்கரும் கரும்புத் தோட்டக் கூலிகளாக இறங்கினார்கள். அந்தச் சமூகத்தில் பிறந்த மான்ட்டி எடின்பரோவில் மருத்துவம் படித்து 1934இல் ஊர் திரும்பினார். காந்தி 1894இல் தொடங்கிய நேட்டால் இந்தியக் காங்கிரஸ் அப்போது வணிகர்களின் கையில் இருந்தது. அரசிடம் பேசிச் சலுகை பெறுவதே அவர்கள் வழி. 1945இல் தொழிற்சங்கத்தாரும் இளைஞர்களும் மான்ட்டியைத் தலைவராக்கினார்கள்.

1946ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கையால் பறித்தது, மறு கையால் கொடுப்பதுபோல் காட்டியது. குறிப்பிட்ட இடங்களுக்கு வெளியே இந்தியர் நிலம் வாங்கவோ குடியிருக்கவோ கூடாது. பதிலுக்கு, வசதியும் படிப்பும் உள்ள சில இந்தியர்கள் நாடாளுமன்றக் கீழவைக்கு மூன்று வெள்ளையரைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த வாக்குரிமையை மான்ட்டி தொடவில்லை. ஜூன் 13 அன்று டர்பனில் அம்பிலோ சாலையும் கேல் தெருவும் சந்திக்கும் காலி மனையில் தொண்டர்கள் கூடாரம் அடித்துத் தடையை மீறினார்கள். வெள்ளைக்காரக் கும்பல் வந்து தாக்கியது. கூடாரம் சாய்ந்தால் மறுபடி எழுந்தது. பெண்களும் சிறை சென்றார்கள். இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 2,000 பேர் சிறை புகுந்தார்கள். மான்ட்டியும் அவர்களில் ஒருவர். இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை முறித்துக்கொண்டது, வழக்கை ஐ.நா. சபைக்கும் கொண்டுபோனது.

இத்தனையும் நடந்தது இந்தியரின் உரிமைக்காக. மான்ட்டியைப் பெரிய தலைவராக்கியது அடுத்து அவர் வைத்த அடி. ஆப்பிரிக்கருக்கு நிலமும் இல்லை, வாக்கும் இல்லை, அடையாளச் சீட்டு இல்லாமல் தெருவில் நடக்கவும் முடியாது. நமக்கு மட்டும் கதவைத் திறந்துவிடு என்று கேட்பது நியாயமா? 1947 மார்ச் 9 அன்று ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் டாக்டர் சூமா, டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரசின் டாக்டர் யூசுஃப் தாதூ ஆகியோரோடு டாக்டர் நாயக்கரும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார். எல்லோருக்கும் வாக்குரிமை, எல்லோருக்கும் நில உரிமை என்றது அந்த அறிக்கை. 'மூன்று டாக்டர்கள் ஒப்பந்தம்' என்று வரலாறு அதற்குப் பெயர் வைத்தது.

ஒப்பந்தத்துக்குச் சோதனை சீக்கிரமே வந்தது. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் கலவரம் மூண்டது. அரசுக் கணக்குப்படியே 142 பேர் மாண்டார்கள். கடைகள் எரிந்தன, குடும்பங்கள் அகதிகளாயின. ஒப்பந்தம் எங்கே போயிற்று என்று சொந்தச் சனமே கேட்டிருக்கும். கோபத்தின் பக்கம் சாய்ந்திருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். அவர் சாயவில்லை. ஆப்பிரிக்கத் தலைவர்களோடு சேர்ந்து அமைதிக்கு வேண்டுகோள் விடுத்தார். 1952இல் அநீதிச் சட்டங்களை மீறும் இயக்கம் தொடங்கியபோது ஆப்பிரிக்கர் காங்கிரசும் இந்தியர் காங்கிரசும் தோளோடு தோள் நின்றன. 1949இல் அந்தக் கையை உதறியிருந்தால் 1952 ஏது?

பிறகு 1956இல் தேசத்துரோக வழக்கு. கைதான 156 பேரில் அவரும் ஒருவர். கூட்டத்தில் பேசக் கூடாது, இயக்கத்தில் இருக்கக் கூடாது என்று தடையாணைகள் வந்தன. தடை நீங்கியதும், வயது அறுபதைக் கடந்த நிலையிலும், மீண்டும் அரசியலுக்கு வந்தார். 1978 ஜனவரியில் காலமானார். மண்டேலா விடுதலையாக இன்னும் 12 ஆண்டுகள் இருந்தன. விதைத்தவர் விளைச்சலைப் பார்க்கவில்லை. இன்று டர்பன் நகரின் நடுவே ஒரு பெரிய சாலை அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

அன்பர்களே, ரயில்வேக்கும் கண்டோன்மென்ட்டுக்கும் பிழைப்புத் தேடிச் சிகந்தராபாத் வந்தவர்களின் வழிவந்தோர் இந்த அரங்கில் பலர். வந்த ஊரில் நம் மொழிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இடம் கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான். இன்று இதே நகரில் கட்டடச் சாரத்தில் ஏறி நிற்கிறாரே பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த தொழிலாளி, அவருக்கும் சேர்த்துக் கேட்கும்போதுதான் அது உரிமைக் குரல். நமக்கு மட்டும் என்றால் அது சலுகை. சலுகையைக் கொடுத்தவன் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்வான். மான்ட்டி நாயக்கர் தம் வாழ்நாளைக் கொடுத்துச் சொன்னது இதுதான்.